சக்கையும் பசியும்

வயிறு நிறைந்தால் பசி அடங்கும் என்பது உலகறிந்த உண்மை. ஆயினும் எவ்வளவு உண்டோம் என்பதோடு, எதை உண்டோம் என்பதும் பசியின் போக்கை நிர்ணயிக்கிறது. இதனை விளங்கிக்கொள்ளத் திருவிதாங்கூரின் உணவு வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

நாஞ்சில் நாட்டு வயல்கள் அந்நாட்டின் நெற்களஞ்சியமாக விளங்கிய போதிலும், பெருகிவந்த மக்களுக்கு அவ்விளைச்சல் போதவில்லை. 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் ராமவர்மா தாவர நூலில் ஈடுபாடு கொண்டவர். தென் அமெரிக்காவில் தோன்றி, போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்த மரச்சீனிக் கிழங்கை எளியோர் இல்லந்தோறும் பரவச்செய்த பெருமை அவருக்கு உரியது. அதன் அருமை 1942-இல் விளங்கிற்று. அவ்வாண்டு ரங்கூன் ஜப்பானியர் வசமாகவே, பர்மா அரிசியின் வரவு நின்றது. திருவனந்தபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் ஏழைகளின் அடுப்பு அணையாமற் காத்தது மரச்சீனியே. பின்னர் 1963-இல் இந்நகரை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

ஆனால் மரச்சீனியில் பெரும்பகுதி மாவுச்சத்தே. நார்ச்சத்தில் அது பயறுக்கு ஈடாகாது. அக்குறையை நிறைவு செய்தவை கஞ்சிக்குத் தோழனாக வந்த சிறுபயறும், கீரையும், வாழைத்தண்டும், பலாவும் ஆகும். பலாவை இங்கே சக்கை என்பர். தமிழகத்தின் பிற பகுதிகளிலோ சக்கை என்பது சாறு பிழிந்தபின் எறியப்படும் கோதைக் குறிக்கும். உணவிலுள்ள நாரையும் விஞ்ஞானிகள் நெடுங்காலம் அத்தகைய கோதாகவே கருதிவந்தனர்.

ஹிப்ஸ்லி என்பவர் 1953-இல் 'உணவு நார்' என்னும் பொருள்படும் தொடரை வழங்கினார். ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட், ஹியூ ட்ரோவெல் என்னும் மருத்துவர்கள், நார் குறைந்த உணவுக்கும் மேனாட்டாரின் பல நோய்களுக்கும் தொடர்பு உண்டு என 1970-களில் வலியுறுத்தினர். அதன் பின்னரே நாரின் மதிப்பு உயர்ந்தது.

நார் செய்யும் வேலைதான் என்ன? நார் மிகுந்த உணவை மென்று உண்ண நேரம் பிடிக்கும். நீரில் கரைந்து குழகுழப்பாகும் நார் வகைகள், உணவு இரைப்பையை விட்டு அகல்வதைத் தாமதப்படுத்தும். சிறுகுடலில் செரிக்காத நார் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கே குடியிருக்கும் எண்ணற்ற நுண்ணுயிர்கள், தோசைமாவு புளிப்பதை ஒத்த முறையில், அதை நொதிக்கச் செய்கின்றன. அதனால் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இவை குடற்சுவரைத் தூண்ட, ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்னும் ஹார்மோன்கள் சுரந்து, 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு உணர்த்துகின்றன.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. எடை மிகுந்த 60 பேரில் ஒரு சாராருக்கு, பெருங்குடலிலே புரோப்பியோனேட்டை வெளியிடும் பொருள் நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் 24 வாரங்கள் அளிக்கப்பட்டது. மற்றவர்களைக் காட்டிலும் அவர்களிடையே எடை மேலும் கூடுவது தடைப்பட்டது. எனினும் அது தனியே தயாரிக்கப்பட்ட பொருள். சாதாரண உணவில் விளையும் பயன் இதனினும் மெல்லியதாகவே இருக்கும். நார் மாயமருந்து அன்று.

மாவுச்சத்திலும் ஒரு பகுதி நாரைப்போலவே செரியாமற் பெருங்குடலை அடைகிறது என்பதை இங்ளிஸ்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். சமைத்த சோறு ஆறும்போது அப்பகுதி சற்றே கூடுகிறது. நம் பழங்கஞ்சிக்கும் இவ்வாறு ஒரு சிறு பங்கு உண்டு.

இன்று கேரளத்தின் நிலை தலைகீழாயிற்று. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலும் ஆண்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அளவுக்கு மிஞ்சிய எடை உடையோர். பட்டை தீட்டிய அரிசியும் மைதாப் பரோட்டாவும் தட்டை நிறைக்கின்றன. பயறும் கீரையும் ஓரத்தில் ஒதுங்கிவிட்டன. உடலுழைப்பும் குறைந்துவிட்டது.

வளர்ந்தவர் ஒருவர் நாள்தோறும் 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்தை உணவிலிருந்தே பெறவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. இதற்கு விலையுயர்ந்த பொடிகள் தேவையில்லை. 2018-இல் கேரள அரசு மாநிலக் கனியாக அறிவித்த பலா புழக்கடையிலேயே காய்க்கிறது. சிறுபயறு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். ஆகையால் சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருகுதல் நலம்.

நேயர்களே, பஞ்சகாலத்தில் நம் முன்னோர் வேறு வழியின்றி உண்ட பயறையும் பலாவையும், வசதி வந்த காலத்தில் நாம் விரும்பி உண்போமாக. சோற்றைச் சற்றே குறைத்து அவ்விடத்தில் பயறை வைப்பது இன்றிரவே எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியம்.