கார் இன்சூரன்ஸ்: ஒரே ரசீதில் இரண்டு விலை

கார் வாங்கிய சந்தோஷம் ஒரு நாள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் வருத்தம் வருடா வருடம். வண்டிக்கு வயசாக ஆக மதிப்பு இறங்குகிறது, கட்ட வேண்டிய தொகை மட்டும் ஏன் ஏறுகிறது என்பது கார் இருக்கும் எந்த வீட்டிலும் கேட்கும் புலம்பல்தான். நம் நாட்டில் அந்தப் புலம்பல் உச்சத்துக்குப் போனது 2015க்கும் 2019க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்.

ஒரு சின்னக் கணக்கு. 1000 முதல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கான 'தேர்டு பார்ட்டி' பிரீமியம் 2014-15ல் ரூ.1,332. அடுத்த ஆண்டு ரூ.1,598. அதற்கடுத்த ஆண்டு ரூ.2,237. 2017-18ல் ரூ.2,863. 2019 ஜூனில் ரூ.3,221. அதாவது ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு! இதற்கு மேல் வரி வேறு. 2015 ஏப்ரலில் சேவை வரி 12.36 சதவீதம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 18 சதவீதம். வரியோடு சேர்த்து 2015 ஏப்ரலில் சுமார் ரூ.1,795 கட்டியவர், 2017 ஜூலைக்குப் பிறகு சுமார் ரூ.3,378 கட்டினார். அதே கார், அதே டிரைவர், ஒரு விபத்தும் இல்லை.

யார் ஏற்றினார்கள்? எதற்காக? பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரண்டு பாதிகள்

கார் பாலிசி என்று கையில் கொடுக்கப்படுவது உண்மையில் இரண்டு பாலிசிகளின் கூட்டு. ஒன்று, நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கானது. வண்டி இடிபட்டால், திருடு போனால், வெள்ளத்தில் மூழ்கினால் இது உதவும். இது இஷ்டம், சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இன்னொன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் ஆனது. இதுதான் தேர்டு பார்ட்டி. இது கட்டாயம்.

இரண்டுக்கும் ஒரே ரசீது. ஆனால் இரண்டின் வரலாறும் வேறு, விலை முடிவாகும் விதமும் வேறு. இந்த வித்தியாசம் புரியாததால்தான் பலரும் பேரம் பேச முடியாத இடத்தில் சண்டை போட்டுவிட்டு, பேரம் பேச வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

கட்டாயம் வந்த கதை

காப்பீடு கட்டாயம் என்ற எண்ணம் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1930ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அது இடம்பெற்றது. காரணம் எளிது. விபத்தில் அடிபட்டவர் வழக்குப் போட்டு ஜெயித்தாலும், இடித்தவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம். இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதை எடுத்துக்கொண்டது. ஆனால் கட்டாயக் காப்பீட்டுப் பகுதி உடனே அமலுக்கு வரவில்லை. 1946 ஜூலை 1 அன்றுதான் வந்தது.

1972ல் பொதுக் காப்பீட்டுத் தொழில் தேசியமயமானது. 107 நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. அந்தக் காலத்தில் மோட்டார் பிரீமியத்தை நிர்ணயித்தது கட்டண ஆலோசனைக் குழு. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஒரே விலை, ரேஷன் கடை மாதிரி.

அந்த விலை செலவுக்குக் கட்டுபடியாகவில்லை. நீதிமன்றங்கள் கொடுக்கச் சொன்ன இழப்பீடு ஏறிக்கொண்டே போனது, பிரீமியம் அந்த வேகத்தில் ஏறவில்லை. பிறகு எப்படி ஓடியது? தீக் காப்பீட்டில் வந்த லாபத்தை மோட்டார் நஷ்டத்தில் போட்டு ஈடுகட்டினார்கள். வணிகவியலில் இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். தொழிற்சாலை முதலாளி கட்டிய பிரீமியத்தில் ஒரு பங்கு, லாரிக்காரருக்கும் கார்க்காரருக்கும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

2007: கயிறு அறுந்தது

2007 ஜனவரி 1 அன்று கட்டண முறை விலக்கப்பட்டது. தீக் காப்பீட்டின் விலையும், மோட்டாரில் சொந்தச் சேதப் பகுதியின் விலையும் சந்தைக்கு விடப்பட்டன. போட்டி வந்தது, விலை சரிந்தது. கார்க்காரர்களுக்கு முதலில் கொண்டாட்டம்தான்.

ஆனால் தேர்டு பார்ட்டி விலை மட்டும் விடப்படவில்லை. அதை ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.வே நிர்ணயித்தது. கட்டாயம் என்று சட்டம் சொல்லும் ஒரு பொருளை, விற்பவர் இஷ்டத்துக்கு விலை வைக்க விட முடியாதல்லவா? இங்கேதான் சிக்கல். தீக் காப்பீட்டு விலை சரிந்ததும் மானியம் வந்த வழி அடைபட்டது. மோட்டார் நஷ்டம் தனியாக, வெட்டவெளியில் நின்றது.

லாரிகளுக்கு பாலிசி கொடுக்க நிறுவனங்கள் தயங்கின. அதனால் 2007 ஏப்ரலில் வணிக வாகனங்களுக்காக ஒரு பொதுத் தொகுப்பு உருவானது. யார் பாலிசி விற்றாலும் நஷ்டத்தை எல்லா நிறுவனங்களும் சந்தைப் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாருடைய நஷ்டம் என்றால் யாருடைய கவலையும் இல்லை என்பது கூட்டுக் கணக்கின் பழைய வியாதி. 2011 மார்ச்சில் ஆணையம், இந்தத் தொகுப்புக்கு 153 சதவீத நஷ்ட விகிதத்தில் நிதி ஒதுக்கச் சொன்னது. நூறு ரூபாய் பிரீமியம் வாங்கினால் இழப்பீட்டுக்கு 153 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்று அர்த்தம். 2012 மார்ச்சோடு அந்தத் தொகுப்பு கலைக்கப்பட்டது.

இதற்கிடையில் 2011ல் இன்னொரு மாற்றம். விலைவாசி, விபத்துகளின் எண்ணிக்கை, சராசரி இழப்பீடு, நிர்வாகச் செலவு ஆகியவற்றை வைத்து தேர்டு பார்ட்டி பிரீமியத்தை ஆண்டுதோறும் மாற்றும் முறை வந்தது. பல வருடம் அடைத்து வைத்திருந்த உயர்வு அதற்குப் பிறகு தவணை தவணையாக வெளியே வந்தது. மேலே பார்த்த 1,332, 1,598, 2,237 எல்லாம் அந்தத் தவணைகள்தான்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கு

கட்டணம் கட்டுபவர் பார்ப்பது ஒரு பக்கம். பேரேட்டில் மறுபக்கம் ஒன்று உண்டு. அங்கே இருப்பது விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம்.

2016ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இவர்களின் குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுப்பது? நெடுங்காலம் ஒவ்வொரு தீர்ப்பாயமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டது. 2009ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கல் எண்களை வரையறுத்தது. உதாரணமாக, மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த, சொந்தத் தொழில் செய்த 30 வயதுக்காரர், மனைவியும் பிள்ளைகளுமாக மூன்று பேரை விட்டுவிட்டு இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மாதம் 10,000. ஆண்டுக்கு 1,20,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 17. ஆக 20,40,000 ரூபாய்.

2017 அக்டோபரில் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொரு படி போனது. சொந்தத் தொழில் செய்பவருக்கும் வருங்கால வருமான உயர்வு உண்டு, 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. அதே மனிதரின் கணக்கு இப்போது 28,56,000 ரூபாய். இறுதிச் சடங்கு முதலியவற்றுக்கான தொகை தனி.

பிரீமியம் ஏறியதன் பின்னால் இந்த எண்ணும் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரர் ஒருவரின் உயிர் முன்பைவிட நியாயமாக மதிப்பிடப்பட்டது. அந்தச் செலவு எல்லா வண்டிக்காரர்களின் ரசீதிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

செலவைக் குறைக்க வேறு வழியும் யோசிக்கப்பட்டது. 2016ல் வந்த மோட்டார் வாகனத் திருத்த மசோதாவில், உயிரிழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியது அதிகபட்சம் 10 லட்சம் என்ற வரம்பு இருந்தது. அந்த வரம்பு வந்திருந்தால் பிரீமியம் இறங்கியிருக்கலாம். ஆனால் மேலே சொன்ன குடும்பம் மீதி 18 லட்சத்துக்கு டிரைவர் வீட்டு வாசலிலோ உரிமையாளர் வீட்டு வாசலிலோ நிற்க வேண்டியிருக்கும். 1930க்கு முந்தைய நிலைமைதான். 2019ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வரம்பு இடம்பெறவில்லை.

லாரிக்காரர்கள் போராட்டம், கோவை டாக்டர் வழக்கு

விலையேற்றத்தை எதிர்த்து வீதிக்கு வந்தவர்கள் கார்க்காரர்கள் அல்ல, லாரிக்காரர்கள். 2017ல் ஆணையம் முதலில் அறிவித்தது 50 சதவீத உயர்வு. 1000-1500 சிசி காருக்கு ரூ.3,355 ஆகியிருக்க வேண்டும். மார்ச் 30 அன்று தென் மாநிலங்களில் லாரிகள் நின்றன. நாமக்கல் மாதிரி லாரியை நம்பியே பிழைக்கும் ஊருக்கு இது சாதாரண விஷயமல்ல. ஒரு லாரிக்கான பிரீமியம் காரைப்போலப் பல மடங்கு. பேச்சுவார்த்தைக்குப் பின் ஏப்ரலில் திருத்திய கட்டணம் வந்தது. காருக்கான உயர்வு 28 சதவீதமாகக் குறைந்தது, ரூ.3,355 போய் ரூ.2,863 ஆனது. லாரிக்காரர்கள் போராடியதில் கார்க்காரர்களுக்கும் 492 ரூபாய் மிச்சம். நன்றி சொன்னவர்கள் எத்தனை பேரோ!

2018 ஜூலை 20 அன்று நாடு முழுவதும் லாரிகள் மறுபடியும் நின்றன. டீசல் விலை, சுங்கச் சாவடி ஆகியவற்றோடு தேர்டு பார்ட்டி பிரீமியமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. அதே நாளில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டு, இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு மொத்தமாக எடுக்க வேண்டும். இது சாலைப் பாதுகாப்புக்காக கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012ல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு. முதல் வருடம் எடுத்துவிட்டு அப்புறம் புதுப்பிக்காமல் ஓட்டுபவர்கள் அவ்வளவு பேர். 2019 வாக்கில் சாலையில் இருந்த வாகனங்களில் பாதிக்கும் மேல் காப்பீடு இல்லாதவை, பெரும்பாலும் இரு சக்கர வாகனங்கள்.

இதனால் புதுக் காரின் முதல் ரசீது கனத்தது. 1000-1500 சிசி காருக்கு மூன்று ஆண்டுக்கு ரூ.9,534, வரி தனி. இந்தப் பக்கம் ஒரு கோஷ்டி கூடவே கூடாது என்று தெருவில், அந்தப் பக்கம் எல்லாரும் கட்டியே தீர வேண்டும் என்று நீதிமன்றம். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சமாளித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

தேர்டு பார்ட்டியில் பேரம் கிடையாது. எந்த நிறுவனமானாலும் ஒரே தொகை. ஆகவே புத்திசாலிகள் மற்ற பாதியில் கை வைத்தார்கள். 2007க்குப் பின் அங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் விலை வேறு. கிளெய்ம் எதுவும் வாங்காத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும் தள்ளுபடி உண்டு. இது காருக்கல்ல, உரிமையாளருக்குச் சேர்ந்தது. காரை மாற்றினாலும் கூடவே வரும். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் போய்விடும். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு இந்தத் தள்ளுபடியை இழந்தவர்கள் ஏராளம்.

2018ல் உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு 15 லட்சமாக உயர்ந்து அதற்கு ரூ.750 வந்தபோது அதுவும் சுமையானது. 2019 ஜனவரி முதல் அதைத் தனியாக எடுக்கலாம், ஏற்கெனவே அந்த அளவுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை என்றானது. 2019 செப்டம்பரில் சொந்தச் சேதப் பகுதியை மட்டும் வேறு நிறுவனத்தில் வாங்கவும் வழி பிறந்தது. 2022ல் ஓடும் தூரத்தை வைத்துப் பிரீமியம் கணக்கிடும் முறைக்கும் அனுமதி கிடைத்தது.

தவறான சிக்கனமும் உண்டு. பிரீமியம் குறையட்டும் என்று வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டவர்களுக்கு, வண்டி தொலைந்த நாளில்தான் விஷயம் புரிந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைக்காது என்று பலர் தெரிந்துகொண்டார்கள்.

2020, 2021ல் கொரோனா காலம் என்பதால் தேர்டு பார்ட்டி கட்டணம் ஏறவில்லை. 2022 ஜூனில் ரூ.3,416 ஆனது. அப்போது அறிவித்தது ஆணையம் அல்ல. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஆணையத்தைக் கலந்துகொண்டு அறிவித்தது.

ஆக, புதுப்பிக்கும் ரசீது வரும்போது அதை இரண்டாகப் பிரித்துப் படிப்பது நல்லது. ஒரு பாதி கடைச் சரக்கு. நாலு இடத்தில் விசாரித்து வாங்கலாம், குறைக்கலாம், பழைய வண்டியென்றால் விட்டுவிடவும் செய்யலாம். மறு பாதி வரி மாதிரி. அதன் விலை நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 2017ல் கேட்டதால்தான் 50 சதவீதம் 28 ஆனது. ஆனால் அதைக் கேட்கும்போது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் 28 லட்சம் அந்தப் பாதிக்குள்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.