சிமுலேஷன் முடிவுகளின் முப்பரிமாணக் காட்சி

ஒரு புயலையோ, விமான இறக்கையைச் சுற்றிப் பாயும் காற்றையோ, அண்டத்தில் விண்மீன் திரள்கள் உருவாவதையோ கணினியில் கணக்கிட்டு முடித்தால் கையில் மிஞ்சுவது எண்கள்தான். சிமுலேஷன் மென்பொருள் இடத்தைச் சிறுசிறு கலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கலத்திலும் அந்த நொடியின் அழுத்தம், வெப்பநிலை, வேகம் ஆகியவற்றை எழுதிவைக்கிறது. பக்கத்துக்கு ஆயிரம் கலங்கள் உள்ள கனசதுரத்தில் நூறு கோடிக் கலங்கள். ஒரேயோர் அளவை, ஒரேயொரு நொடிக்கு, கலத்துக்கு 8 பைட் வீதம் சேமித்தாலும் 8 ஜிகாபைட் ஆகிவிடும். இந்தக் குவியலைக் கண்ணால் பார்க்கும் உருவமாக்குவது அறிவியல் காட்சிப்படுத்தல் என்னும் துறை. கணினி வரைகலையின் முன்னேற்றமாகவே இதன் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற முடிவை யார், எந்தக் கட்டத்தில் எடுத்தார்கள் என்பது அந்தக் கதையின் மறுபாதி.

கணினிக்கு முன்பே இதற்கு முன்னோடி உண்டு. ஒரு பொருளின் கனஅளவு, என்ட்ரோபி, ஆற்றல் மூன்றையும் மூன்று அச்சுகளாக வைத்தால் அதன் வெப்ப இயல்புகள் முழுவதும் ஒரு வளைபரப்பாக அமையும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் 1873இல் எழுதினார். கட்டுரையில் சமன்பாடுகள் இருந்தன. அந்தப் பரப்பின் உருவம் இல்லை. அதைப் படித்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1874இல் களிமண்ணைப் பிசைந்து பரப்பை உருவாக்கினார். அதை வெயிலில் வைத்து, ஒளிக்கதிர் உரசிச் செல்லும் இடங்களைத் தொட்டு, சமவெப்பக் கோடுகளையும் சம அழுத்தக் கோடுகளையும் வரைந்தார். பிறகு பிளாஸ்டர் வார்ப்புகள் செய்து, ஒன்றைக் கிப்ஸுக்கே அனுப்பிவைத்தார்.

கணினி வந்தபின் முதல் சிக்கல் வெளியீட்டுக் கருவியில் இருந்தது. 1950களின் இயந்திரங்கள் விடையைத் துளையட்டைகளிலும் அச்சுத் தாள்களிலும் கொடுத்தன; பார்க்க வேண்டியவர் தாளில் எண்களைத் தேடிக் கோடு போட்டுக்கொண்டார். மைக்ரோஃபிலிம் பதிவுக் கருவி இந்த நிலையை மாற்றியது. கேதோடு கதிர்க் குழாயின் திரையில் கணினி கோடு வரையும். எதிரே உள்ள கேமரா அதைப் படமெடுக்கும். பெல் ஆய்வகத்தின் எட்வர்ட் சஜாக், இப்படி ஒவ்வொரு சட்டமாக எடுத்து 1963இல் ஒரு குறும்படமே உருவாக்கினார். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளை எந்நேரமும் ஒரே முகம் காட்டும்படி நிலைநிறுத்த முடியுமா என்பது ஐபிஎம் 7090 கணினிக்குக் கொடுத்த கேள்வி. படத்தில் செயற்கைக்கோள் ஒரு வெறும் பெட்டி. அந்தப் பெட்டி தடுமாறிப் புரண்டு, மெல்ல நிலைகொள்வதைப் பார்த்தவர்களுக்கு அட்டவணையைப் புரட்டும் தேவை இருக்கவில்லை.

எல்லோருக்கும் அத்தகைய கருவி வாய்க்கவில்லை. பிரெஞ்சு வானியற்பியலாளர் ழான்-பியர் லூமினே, கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டு தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று ஐபிஎம் 7040 கணினியில், துளையட்டைகளைக் கொண்டு கணக்கிட்டார். வரைவதற்கு மென்பொருள் இல்லை. எண்களை வைத்துக்கொண்டு, நெகட்டிவ் முறையில், இந்திய மையால் புள்ளி புள்ளியாகத் தாளில் கையாலேயே வைத்தார். மை அடர்ந்த இடம் படத்தில் வெளிச்சமான இடம். 1979இல் வெளியான அந்தப் படத்தில் தட்டின் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும், பார்ப்பவரை நோக்கி வரும் பொருளின் ஒளி கூடித் தெரியும் என்பதால். உண்மையான கருந்துளையின் முதல் படம் 2019இல்தான் உலகுக்குக் கிடைத்தது.

1980களில் மீக்கணினிகள் பெருகின, வெளியீடும் பெருகியது. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் பீட்டர் பூனிங் எழுதிய பிளாட்3டி, காற்றோட்டக் கணக்குகளைத் திரையில் சுழற்றிப் பார்க்க உதவியது. கட்டத்தை ஒரு கோப்பிலும் விடையை இன்னொரு கோப்பிலும் வைக்கும் அதன் வடிவத்தை இன்றைய மென்பொருள்களும் படிக்கின்றன. 1987இல் புரூஸ் மெக்கார்மிக், தாமஸ் டிஃபான்டி, மேக்சின் பிரவுன் மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காகத் தொகுத்த அறிக்கைக்குப் பிறகு இது தனித் துறையாகவே எண்ணப்பட்டது.

அதே ஆண்டில் வந்த ஓர் உத்தியைத் தொடாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் வில்லியம் லோரன்சனும் ஹார்வி கிளைனும் வெளியிட்ட மார்ச்சிங் கியூப்ஸ் அது. வெப்பநிலை 500 டிகிரியாக உள்ள எல்லாப் புள்ளிகளையும் இணைத்தால் ஒரு பரப்பு கிடைக்கும். அதுவே சமமதிப்புப் பரப்பு. அதைக் கண்டெடுக்க, ஒவ்வொரு சிறு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் மதிப்பு 500க்கு மேலா, கீழா என்று மட்டும் கேட்டால் போதும். எட்டு மூலை, இரண்டு விடை. ஆக மொத்தம் 256 சேர்க்கைகள். சமச்சீரைக் கணக்கில் கொண்டால் அவை 15 வகைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வகைக்கும் எந்த முக்கோணங்களை வைப்பது என்று அட்டவணை போட்டுவிட்டால், கணினி கனசதுரம் கனசதுரமாக நடந்து பரப்பைத் தைத்துவிடும். மருத்துவ ஸ்கேன்களுக்காகப் பிறந்த முறை இது. அட்டவணையின் சில வகைகளில் குழப்பம் இருந்ததால் பரப்பில் ஓட்டை விழலாம் என்று மார்ட்டின் டூர்ஸ்ட் 1988இலேயே சுட்டிக்காட்டினார். இதன் மேல் காப்புரிமையும் இருந்தது. அது 2005இல் காலாவதியாகும்வரை பலர் கனசதுரத்துக்குப் பதில் நான்முகிகளை வைத்துச் சுற்றுவழியில் போனார்கள்.

500 என்பதை யார் தேர்ந்தெடுத்தது? 480 என்று வைத்தால் வேறொரு பரப்பு வரும். இந்தச் சங்கடத்துக்கு 1988இல் இன்னொரு விடை வந்தது. மார்க் லெவாயும், பிக்சார் நிறுவனத்தின் டிரெபின், கார்பென்டர், ஹன்ரஹன் குழுவும் பரப்பைத் தேடுவதையே விட்டுவிட்டு, கனம் முழுவதையும் ஒளி ஊடுருவும் பொருளாக வரையும் வால்யூம் ரெண்டரிங் முறையை முன்வைத்தார்கள். எந்த மதிப்புக்கு எவ்வளவு ஒளிபுகும் தன்மை, என்ன நிறம் என்பதைப் பயனர் சொல்ல வேண்டும். தேர்வு ஒழியவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய மீக்கணினி மையம் 1989இல் வெளியிட்ட இடிமழைப் புயல் அசைபடம் அந்தக் காலத்தின் பெருமிதம். ராபர்ட் வில்ஹெல்ம்சன் குழுவின் கணக்கில் மேகம் கண்ணாடிபோல் தெரிய, மேலேறும் காற்று ஆரஞ்சு நாடாக்களாகவும் இறங்கும் காற்று நீல நாடாக்களாகவும் ஓடியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். தகவல் வடிவமைப்பாளர் எட்வர்ட் டஃப்டி 1997இல் வெளியான தன் நூலில் அதே படத்தை எடுத்துத் திருத்திக் காட்டினார்: மூன்று திசைகளுக்கும் அளவுகோல், ஓடும் நேரம், கண்ணை உறுத்தாத தரைக் கட்டம். புயலின் அளவும் வேகமும் தெரியாத புயல் படம் அழகாயிருந்து என்ன பயன் என்பது நியாயமான கேள்விதான்.

1993இன் இறுதியில் வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், லோரன்சன் மூவரும் ஒரு பாடநூலுக்குத் துணையாக எழுதத் தொடங்கிய விடிகே நூலகம், நூலையே விஞ்சி வளர்ந்தது. காப்புரிமை உள்ள நெறிமுறைகளை அதில் தனி அடைவில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1998இல் கிட்வேர் நிறுவனம் பிறந்தது. அது லாஸ் அலமாஸ் ஆய்வகத்துடன் சேர்ந்து உருவாக்கிய பாராவியூ 2002இல் வெளிவந்தது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் விசிட் மென்பொருளும் அதே ஆண்டில் வந்தது. சென்னைக்கும் இதில் பங்குண்டு. ஐஐடி மெட்ராஸின் விண்வெளிப் பொறியியல் துறையில் ஆய்வு மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன், விடிகே மேல் பைத்தான் மொழியில் எழுதிய மாயவி, சில வரி நிரலிலேயே முப்பரிமாணப் படம் வரைய வழிசெய்தது. உலகெங்கும் பைத்தான் பயன்படுத்தும் ஆய்வாளர்களிடம் அது போய்ச் சேர்ந்தது.

அன்றாட வேலையில் படத்தைவிடக் கோப்புதான் ஆளைப் படுத்துகிறது. ஒவ்வொரு சிமுலேஷன் மென்பொருளும் தன் போக்கில் எழுதும். ஓப்பன்ஃபோம் நேரத்துக்கு ஓர் அடைவு திறந்து, ஒவ்வோர் அளவையும் தனிக் கோப்பில் வைக்கிறது. அதைப் பாராவியூவுக்கு அடையாளம் காட்ட, .ஃபோம் என முடியும் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கித் திறப்பது புதிதாக வருபவருக்கு விநோதமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும். எச்டிஎஃப்5, நெட்சிடிஎஃப் போன்ற பொது வடிவங்கள் இந்தத் தலைவலியைக் குறைத்தன. இன்னொரு நுட்பம் எளிதில் கவனம் தப்பும். சில முறைகள் விடையைக் கலத்தின் நடுவில் வைக்கும், சில மூலைகளில் வைக்கும். நடுவிலிருந்து மூலைக்கு மாற்றும்போது மென்பொருள் சராசரி எடுக்கிறது. படிப்படியாக இருந்த படம் வழவழப்பாகி, கணக்கின் கரடுமுரடு மறைந்துபோகிறது.

நிறத்தின் கதையும் இதே ரகம். வானவில் வரிசை பல ஆண்டுகள் எல்லா மென்பொருளிலும் இயல்பாகவே வந்தது. மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத விளிம்பு இருப்பதாகக் கண்ணை ஏமாற்றும் என்று பெர்னிஸ் ரோகோவிட்ஸும் லாயிட் டிரைனிஷும் 1998இல் எச்சரித்தார்கள். ஹார்வர்டில் மிஷெல் போர்க்கின் குழு 2011இல் இதயத் தமனி இரத்த ஓட்டச் சிமுலேஷன்களை மருத்துவ மாணவர்களிடம் காட்டிச் சோதித்தது. வானவில் நிறத்தில் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தவர்கள் ஆபத்தான பகுதிகளில் 39 விழுக்காட்டைத்தான் கண்டுபிடித்தார்கள். தமனியைத் தட்டையாக விரித்து, வேறு நிற வரிசையில் காட்டியபோது அது 91 விழுக்காடானது. முப்பரிமாணம் என்றாலே மேல் என்று நம்புவோர் இந்த எண்களைச் சற்று நின்று பார்க்கலாம். மேட்லேப் 2014இல் வானவில்லைக் கைவிட்டது. மேட்பிளாட்லிப் 2017இல் விரிடிஸ் என்ற நிற வரிசைக்கு மாறியது.

அதற்குள் தரவின் அளவு வேறு திசையில் நெருக்கத் தொடங்கியிருந்தது. 2005இல் வெளியான மில்லேனியம் சிமுலேஷன் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துகள்களைக் கொண்டு அண்டத்தின் வளர்ச்சியைக் கணக்கிட்டது. சேமித்தது 64 நேரப் படிகளை மட்டும், சுமார் 25 டெராபைட். இடையில் கணக்கிட்டவை எழுதப்படவே இல்லை. கணிப்பு வேகம் ஏறிய அளவுக்கு வட்டில் எழுதும் வேகம் ஏறவில்லை. 2022இல் நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகளைத் தாண்டிய ஃபிரான்டியர் போன்ற கணினிகளில் எல்லாவற்றையும் சேமிப்பது நடவாத காரியம். ஆகவே பாராவியூவின் கேட்டலிஸ்ட், விசிட்டின் லிப்சிம் போன்றவை சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்திலிருந்து படத்தை எடுத்துவிடுகின்றன. லாஸ் அலமாஸ் குழு 2014இல் முன்வைத்த சினிமா என்ற முறை, பல கோணங்களிலும் பல மதிப்புகளிலும் படங்களை முன்கூட்டியே வரைந்து அடுக்கி வைக்கிறது. ஆய்வாளர் பின்னர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், முப்பரிமாண உருவத்தைச் சுழற்றுவது போலவே இருக்கும். ஓட்டத்துக்கு முன் கேட்டு வைக்காத கோணமோ மதிப்போ தேவைப்பட்டால், முழுக் கணக்கையும் மீண்டும் ஓட்ட வேண்டும்.