சூப்பர்வைசர் அக்கா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் இருந்தேன். முதல் நான்கு வருடம் ஆபரேட்டர். 2014-இல் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கம்பெனி பஸ்ஸில் பொன்னேரியிலிருந்து என்னோடு ஒட்டி உட்கார்ந்து வந்த பெண்கள் மறுநாளே வேறு சீட் தேடிக்கொண்டார்கள். சம்பளம் 9,700-இலிருந்து 10,400 ஆனது. அந்த எழுநூறு ரூபாயில் சட்டத்தின் கண்ணுக்கு நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று அப்போது தெரியாது.

இந்த நடு இடம் பழைய இடம். பஞ்சாலைக் காலத்தில் அங்கே நின்றவர் மேஸ்திரி. ஆள் சேர்ப்பது, லீவு, சீட்டுக் கிழிப்பது எல்லாம் அவர் கையில். மாமூலும் அந்தக் கைக்கே. 1918-இல் பின்னி ஆலைக்காரர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பேசப்பட்டவை கூலி மட்டுமல்ல; சாப்பிட நேரம் போதாததும், மேலே உள்ளவர்கள் நடத்திய விதமும்தான். பம்பாய் ஆலைகளில் பெண்கள் வேலை செய்த பிரிவுகளில் ‘நாய்கின்’ என்று பெண் மேஸ்திரிகளே இருந்தார்கள். 1931-இல் அறிக்கை தந்த ராயல் கமிஷன், மேஸ்திரியிடமிருந்து ஆள் எடுக்கும் அதிகாரத்தை எடுக்கச் சொன்னது. பெண்கள் நிறைய உள்ள ஆலைகளில் படித்த பெண் ஒருவரைப் பொறுப்பில் வைக்கவும் சொன்னது. ‘படித்த’ என்ற சொல்லில் நான் நின்றுவிடுவேன். நாய்கினுக்குத் தெரிந்ததெல்லாம் எந்தப் படிப்பில் சேர்த்தி?

எங்கள் லைனுக்கு மணிக்கு 120 பீஸ் டார்கெட். எங்கோ ஏசி அறையில் முடிவாகி, காலை மீட்டிங்கில் என் கைக்கு வரும். எட்டாவிட்டால் மேனேஜர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “பொண்ணுங்க பாத்ரூம் போய்ட்டே இருக்காங்க.” நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். லைன் நின்ற ஒவ்வொரு நிமிடத்தையும் காரணத்தோடு மூன்று வாரம் எழுதினேன். ஸ்டோர்ஸிலிருந்து சாமான் வரத் தாமதம், அதற்கடுத்து மெஷின் செட்டிங். பாத்ரூம் கடைசியில், அதுவும் கொஞ்சம். நோட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் டிராலி ஷிஃப்டுக்கு அரைமணி முன்பே வந்தது. இரண்டு லைனுக்கு ஒரு ரிலீவரும் கிடைத்தாள். டார்கெட் மட்டும் அசையவில்லை. எட்டு மாதத்தில் ரிலீவரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அதே கையால்தான் மெமோவும் எழுதினேன். ஊத்துக்கோட்டை பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண், அடிக்கடி பத்து நிமிடம் லேட். மூன்று மெமோ ஆனால் கான்ட்ராக்ட் நீட்டிப்பு கிடையாது. மூன்றாவதில் நான் கையெழுத்துப் போட்டபோது “சரிக்கா” என்றாள். திட்டியிருக்கலாம்.

2018-இல் என்னையும் அனுப்பினார்கள். திருவள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்தபோதுதான் அந்த எழுநூறு ரூபாய் விவரம் புரிந்தது. 1947-இன் தொழில் தகராறு சட்டத்தில், 1956 திருத்தத்துக்குப் பின், மேற்பார்வை வேலை பார்ப்பவர் 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ‘தொழிலாளி’ இல்லை. 1982 திருத்தம் அதை 1,600 ஆக்கியது, 2010 திருத்தம் 10,000. (2020-இன் புதிய தொகுப்புச் சட்டத்தில் 18,000.) கோட்டைத் தாண்டியவளுக்கு லேபர் கோர்ட் இல்லை. ஆனால் ஒரு வழி உண்டு என்றார். பதவிப் பெயரைப் பார்க்காதே, முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்று பார் என 1985-இல் சீபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

“நாள் பூரா என்ன செஞ்சீங்கம்மா?”

ஆள் வராத நாளில் நானே மெஷினில் உட்கார்ந்தது, பீஸ் எண்ணியது, ரிஜிஸ்டர் எழுதியது எல்லாம் சொன்னேன். அவர் வேகமாக எழுதிக்கொண்டே வந்தார்.

“யாருக்காவது லீவு சாங்ஷன் பண்ணினது, மெமோ குடுத்தது உண்டா?”

“மெமோ குடுத்திருக்கேன் சார்.”

பேனாவை மூடி வைத்தார்.