பார்ட் நம்பர் மாறாத ஸ்விட்ச்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்குப் பொருளின் பெயரைவிட அதன் பார்ட் நம்பர்தான் முக்கியம். எண் ஒன்றென்றால் பொருளும் ஒன்று. உள்ளே ஒரு ஸ்பிரிங் மாறி அதனால் வேலை செய்யும் விதம் மாறினாலும் எண்ணும் மாற வேண்டும் என்பது மோட்டார் தொழிலில் ஊறிப்போன வழக்கம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 2006இல் இந்த வழக்கம் மீறப்பட்டது. ஓடும் காரில் சாவி நழுவி, எஞ்சின் அணைந்து ஸ்டீயரிங் இறுகிவிடும் ஒரு கோளாறு, அதன் பிறகு எட்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் சரியாகப் படாமல் உலவியது.

சாவிக்கு இத்தனை அதிகாரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முன்பக்கம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் ஒருகாலத்தில் காரைக் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக்கில் வந்ததும் அந்தக் கைவலி ஒழிந்தது. 1951இல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங் வந்தது. எஞ்சின் ஓடும்வரைதான் அந்த உதவி கிடைக்கும். 1960களில் கார் திருட்டு பெருகவே, சாவியை எடுத்தால் வண்டி நகரவோ திரும்பவோ முடியாதபடி பூட்டு வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969ஆம் ஆண்டு மாடல்களிலேயே சாவித்துளையை டாஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு இடம் மாற்றியது. பிறகு பிரேக்குக்கும் எஞ்சினின் துணை, விபத்தில் விரியும் ஏர்பேக்குக்கும் மின்சாரம். எல்லாம் ஒரே ஸ்விட்ச்சின் தயவில் வந்து நின்றன.

அந்த ஸ்விட்ச்சைத்தான் டெல்ஃபி நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸின் 2003ஆம் ஆண்டு சாட்டர்ன் அயானுக்கும், பிறகு 2005ஆம் ஆண்டு மாடலாக வந்த செவர்லே கோபால்ட்டுக்கும் செய்து கொடுத்தது. சாவி ஓட்ட நிலையிலேயே நிற்க ஓர் எதிர்ப்பு விசை வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் குமிழ் ஒன்று பள்ளத்தில் அமர்ந்து அந்த விசையைத் தரும். குறைந்தது 15 நியூட்டன் சென்டிமீட்டர் என்று குறிப்பு சொன்னது. சோதனையில் வந்ததோ 4 முதல் 10 வரைதான். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பொறியாளர் ரே டிஜியோர்ஜியோ 2002இல் அதற்கே சம்மதம் கொடுத்தார். ஸ்விட்ச்சின் மின்பகுதியில் வேறு தொல்லைகள் அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. நரகத்து ஸ்விட்ச் என்று அலுத்துக்கொண்டு அவர் எழுதிய மின்னஞ்சல் பின்னாளில் அம்பலத்துக்கு வந்தது.

கோபால்ட்டில் சாவி தாழ்வாக, ஓட்டுநரின் முழங்காலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. முழங்கால் பட்டாலோ, கனமான சாவிக்கொத்து ஒரு குழியில் குலுங்கினாலோ சாவி நழுவி ஆக்ஸசரி நிலைக்குப் போய்விடும். ரேடியோ பாடும், எஞ்சின் இருக்காது. ஸ்டீயரிங் முழுக்கப் பூட்டிக்கொள்ளாது, ஆனால் திருப்பப் பல மடங்கு பலம் வேண்டும். பிரேக்கை ஓரிரு முறை மிதித்ததும் அதுவும் கல்லாகிவிடும். இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து வேறு. வண்டி ஓட்ட நிலையில் இல்லை என்று கணக்கிட்டு ஏர்பேக் தூங்கிவிடும்.

காரை ஓட்டிப் பார்த்து எழுதும் பத்திரிகையாளர்களே 2005இல் இதைச் சொல்லிவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்குள் 2004 இறுதியிலேயே இது குறித்து ஒரு கோப்பு திறக்கப்பட்டது. மாற்றினால் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று சில மாதங்களில் அது மூடப்பட்டது. 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. சாவிக்கொத்தில் வேண்டாததைக் கழற்றச் சொல்லுங்கள் என்றது அது. சாவியின் தலையில் இருந்த நீள்துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் செருகி, வளையம் ஓரத்துக்கு வழுக்கிப் போகாதபடி வட்டத்துளையாக்கிக் கொடுப்பதும் தீர்வாகச் சொல்லப்பட்டது. புகாரோடு வருபவருக்கு மட்டும்தான் அதுவும்.

இப்படி ஒட்டுப் போட்டதற்குக் காரணம் வெறும் கஞ்சத்தனம் என்று முடித்துவிட முடியாது. எஞ்சின் நின்றாலும் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிடலாம், ஆகவே இது வாடிக்கையாளரின் வசதிக் குறை, பாதுகாப்புக் குறை அல்ல என்று குழுக்கள் வகைப்படுத்திவிட்டன. சாவி நழுவினால் ஏர்பேக்கும் போய்விடும் என்பது தங்கள் சொந்தக் காரைப் பற்றியே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. 2014இல் நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆண்டன் வாலுகாஸ் தன் அறிக்கையில் இதை விரிவாகப் பதிவு செய்தார். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள், யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இந்தப் பழக்கத்துக்கு உள்ளுக்குள் ஒரு செல்லப் பெயரே இருந்தது என்கிறது அந்த அறிக்கை.

வெளியாள் ஒருவருக்கு மட்டும் பொறி தட்டியது. 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் ஒரு கோபால்ட் மரத்தில் மோதி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். விசாரித்த நெடுஞ்சாலைக் காவலர், சாவி ஆக்ஸசரி நிலையில் இருந்ததையும் ஏர்பேக் விரியாததையும் இணைத்துப் பார்த்து, டீலர் சுற்றறிக்கையையும் தேடியெடுத்து 2007இல் அறிக்கை எழுதினார். அதன் பிரதி நிறுவனத்தின் கோப்பிலேயே கிடந்தது. படித்துப் புரிந்துகொள்ள ஆளில்லை. அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பும் அதே ஆண்டு முறையான விசாரணை வேண்டாமென்று விட்டுவிட்டது.

இதற்கிடையில் 2006 ஏப்ரலில் டிஜியோர்ஜியோ வலுவான ஸ்பிரிங்கும் குமிழும் கொண்ட புதிய ஸ்விட்ச்சுக்குக் கையெழுத்திட்டிருந்தார். பார்ட் நம்பரோ பழையதுதான்.

விளைவை யோசித்துப் பாருங்கள். 2008ஆம் ஆண்டு மாடல்களில் இந்த வகை விபத்து காணாமல் போகிறது. முந்தைய மாடல்களில் மட்டும் ஏன் என்று நிறுவனத்தின் புலனாய்வாளர்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எண் ஒன்று, எனவே ஸ்விட்ச் ஒன்று. காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு மரண வழக்கில். 2010 மார்ச்சில் ஜார்ஜியாவைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், ஓட்டத்தில் எஞ்சின் அணைகிறது என்று தன் கோபால்ட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். பெட்ரோல் வரும் வழியைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த அவருடைய 29வது பிறந்தநாளன்று, மழைச் சாலையில் கார் கட்டுப்பாடு இழந்து எதிர்வண்டியில் மோதியது. அவர் இறந்தார். காரின் பதிவுக்கருவியின்படி மோதலுக்குச் சில விநாடி முன்பே சாவி ஆக்ஸசரிக்குப் போயிருந்தது. அதே மார்ச் மாதம் கோபால்ட்டின் பவர் ஸ்டீயரிங் மோட்டார் கோளாறுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. சாவியைப் பற்றி மூச்சில்லை.

அந்தச் செவிலியரின் பெற்றோருக்காக வழக்காடிய லான்ஸ் கூப்பர், ஃபுளோரிடாவிலிருந்து ஒரு பொறியாளரைப் பிடித்தார். அவர் சுமார் 30 டாலருக்குப் புது ஸ்விட்ச் ஒன்றை வாங்கி விபத்துக் காரின் ஸ்விட்ச்சோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே எண். திருப்பிப் பார்த்தால் புதியது இறுக்கம், பழையது தளர்வு. பிரித்து வைத்தபோது ஸ்பிரிங்கும் குமிழும் நீளத்தில் வேறுபட்டன. 2013 ஏப்ரலில் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்டபோது, அப்படியொரு மாற்றத்துக்குத் தான் ஒப்புதல் தந்ததில்லை என்றார் டிஜியோர்ஜியோ. அவர் கையெழுத்திட்ட தாள் பின்னர் கிடைத்தது.

இதே நிறுவனம் முன்பொரு முறை ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கினாலேயே மாட்டியிருக்கிறது. 1959, 1960 மாடல் காடிலாக்குகளில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் பிட்மேன் ஆர்ம் முறிந்துகொண்டிருந்தது. மெதுவாகத் திருப்பும்போதுதான் முறிகிறது, ஆபத்தில்லை என்று வாதாடிப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து ஆண்டு மாடல்களைவிட அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் மாற்று ஆர்ம் பல மடங்கு விற்றிருந்ததை விற்பனைப் புத்தகம் காட்டிக்கொடுத்தது. எச்சரிக்கை இல்லாமல் ஸ்டீயரிங் போவதே பாதுகாப்புக் குறை என்று 1977இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இருந்தும் கோபால்ட்டை வசதிக் குறை வரிசையில் வைத்தார்கள் என்பதுதான் விளங்காத விஷயம்.

2014 பிப்ரவரியில் திரும்ப அழைப்பு தொடங்கியது. மார்ச் முடிவதற்குள் எண்ணிக்கை 26 லட்சத்தை எட்டியது. ஸ்விட்ச் மாற்றும்வரை வளையத்தில் சாவியைத் தவிர எதுவும் தொங்கக்கூடாது என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். தலைமைப் பொறுப்பேற்று மூன்று மாதம்கூட ஆகாத மேரி பாரா ஏப்ரலில் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தார். வெறும் 57 சென்ட் செலவில் தீர்ந்திருக்கும் விஷயம் என்று அங்கே அவரைக் குடைந்தார்கள். 15 பேர் வேலையிழந்தனர். போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அன்றைய சட்டத்தில் அதுவே உச்சவரம்பு. 2015இல் குற்ற வழக்கை ஒத்திவைக்கும் உடன்பாட்டுக்காக நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது. கென்னத் ஃபைன்பெர்க் நடத்திய இழப்பீட்டு நிதி 124 சாவுகளையும் 275 காயங்களையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்த சாவுகள் 13.

அந்தக் கணக்கில் வந்த மிகப் பழைய சாவுகளில் ஒன்று டெக்சாஸில் நடந்தது. 2004 நவம்பரில் ஒரு சாட்டர்ன் அயான் மரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த இளைஞர் இறந்தார். ஓட்டியவர் அவருடைய காதலி. பிரேக் போட்ட தடமில்லை, அவர் இரத்தத்தில் மாத்திரையின் சுவடு இருந்தது என்று வழக்குப் போட்டார்கள். 2007இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வாழ்ந்தார். அவர் ஒப்புக்கொள்வதற்குச் சில மாதங்கள் முன்பே, மின்சாரம் நின்றதுதான் ஏர்பேக் விரியாததற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குள் எழுதி வைத்திருந்தது. அவர் மீதான தீர்ப்பை நீதிபதி ரத்து செய்தது 2014 நவம்பரில்.