கன்னத்துத் தோலும் பாட்டியின் காதும்

"டீச்சர், கத்தியே இல்லாம கன்னத்தைத் தூக்கிடலாமாமே, உண்மையா?" ஈப்போவில் என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்.

முழு உண்மை இல்லை. வயதாக ஆக கன்னத்துச் சதை கீழே இறங்கும். மூக்கோரம் மடிப்பு விழும். முன்பு காதோரம் நீளமாக வெட்டித் தோலை இழுத்துத் தைத்தார்கள். 1990களில் முக அறுவைக்கு உள்நோக்குக் கருவி வந்தபின், தலைமுடிக்குள்ளோ வாய்க்குள்ளோ சிறு கீறல் போட்டுக் கன்னத்தைத் தூக்கிக் கட்டுகிறார்கள். கத்தி இருக்கிறது, தழும்புதான் ஒளிந்துகொண்டது.

ஆனால் கன்னத்தைக் கீறிய கதை இளமைக்காகத் தொடங்கவில்லை. சுசுருத சம்ஹிதையில் குழந்தைக்குக் காது குத்துவதையும், துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவதையும் சொல்லும் அத்தியாயமே, அறுந்த காதை ஒட்டும் 15 முறைகளையும் சொல்கிறது. மடல் இல்லாதவருக்குக் கன்னத்துத் தோலை அரிந்து வைக்க வேண்டும். மூக்குக்கும் கன்னத் தோல்தான். இலையால் அளவெடுக்க வேண்டும். அரிந்த தோலின் ஒரு முனை கன்னத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தம் ஓடாமல் தோல் செத்துவிடும்.

இந்தக் கலை வழிவழியாக வந்தது. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி திப்புவின் படையிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஓராண்டுக்குப் பின், புனே அருகே செங்கல் சூளைக்காரர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் அவருக்குப் புது மூக்கு வைத்தார். இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வெளிவந்தது. அதைப் பின்பற்றி 1814இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் இதே அறுவையைச் செய்தார். மூக்கறுப்பு அவமானத் தண்டனை. அறுவை அந்த மானத்தை மீட்டது.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தண்டட்டி போட்டுக் காது வளர்த்தவர். தோட்டத்தில் அதுதான் அழகு. டவுனுக்குக் குடிவந்த பிறகு, "பஸ்ல எல்லாரும் காதையே பாக்குறாங்கய்யா" என்று மகனிடம் சொல்லி, தொங்கிய மடலை வெட்டித் தைத்துக்கொண்டார். காது மாறவில்லை, பார்த்த கண்கள்தான் மாறின.

காவஸ்ஜி பறிபோனதைத் திரும்பப் பெற்றார். பாட்டி, தான் ஆசையாக வளர்த்ததை இழந்தார். இரண்டுமே அறுவைதான். இந்த வேறுபாட்டை விளக்கியபின், வீட்டிலிருக்கும் பழைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "இந்த முகத்தில் எதை மாற்ற நினைக்கிறாய்? யாருக்காக?" என்று எழுதச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட மாணவி அன்று இரண்டு பக்கம் எழுதினாள்.