கவர்டு கால் உத்தியும் இடர்காப்பும்

கவர்டு கால் என்பது ஒருவர் தம்மிடம் உள்ள பங்குகளின் மீது கால் ஆப்சனை விற்று, அதற்கு ஈடாகப் பிரீமியம் பெறும் முதலீட்டு உத்தி ஆகும். கால் ஆப்சன் என்பது குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமையைத் தரும் ஒப்பந்தம். அவ்விலை ஸ்ட்ரைக் விலை எனப்படும். உரிமையை வாங்கியவர் கேட்டால், விற்றவர் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கவேண்டிய பங்கு கையில் இருப்பதாலேயே இது கவர்டு கால் எனப்படுகிறது. கையில் பங்கு இல்லாமல் விற்பது நேக்கட் கால் எனப்படும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் சிகாகோ ஆப்சன் சந்தை 1973 ஏப்ரல் 26 அன்று 16 பங்குகளின் கால் ஆப்சன்களுடன் தொடங்கப்பட்டது. விற்கும் உரிமையைத் தரும் புட் ஆப்சன்கள் 1977 இல் அங்கு அறிமுகமாயின.

எடுத்துக்காட்டு

அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தம் பொதுவாக 100 பங்குகளைக் கொண்டது. ஒருவர் 100 பங்குகளைத் தலா 100 டாலருக்கு வாங்கி, ஸ்ட்ரைக் விலை 105 டாலர் உள்ள கால் ஆப்சனைப் பங்குக்கு 2 டாலர் பிரீமியத்திற்கு விற்கிறார் எனக் கொள்வோம். பங்கு எவ்வளவு உயர்ந்தாலும் அவரது இலாபம் 700 டாலரைத் தாண்டாது. பங்கு 70 டாலருக்கு வீழ்ந்தால் இழப்பு 2,800 டாலர். பிரீமியம் முதல் 2 டாலர் வீழ்ச்சியை மட்டுமே ஈடுசெய்யும். எனவே இவ்வுத்திக்குத் தனியாக இடர்காப்பு தேடப்படுகிறது. அவ்வாறு தேடும் வழிகளிலும் இடர்கள் உள்ளன.

ஸ்டாப் லாஸ் ஆணை

விலை 90 டாலருக்கு இறங்கினால் பங்கை விற்கும்படி ஆணையிடுவது ஒரு வழி. பங்கு விற்கப்பட்டபின் கால் ஆப்சனைத் திரும்ப வாங்காவிட்டால் அது நேக்கட் கால் ஆகிவிடும். பின்னர் விலை 120 டாலருக்கு ஏறினால், பங்கில் 1,000 டாலரும் ஆப்சனில் 1,500 டாலரும் இழக்க நேரிடும். பெற்ற பிரீமியத்தைக் கழித்தால் இழப்பு 2,300 டாலர். எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் 700 டாலர் இலாபம் கிடைத்திருக்கும்.

மேலும், ஆணையிட்ட விலையிலேயே பங்கு விற்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் சராசரி ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்தது. விலை இறங்க இறங்கப் படிப்படியாக விற்றுக்கொள்ளலாம் என்னும் கணக்கில் அமைந்த தொகுப்புக் காப்பீடு என்ற இடர்காப்பு முறை அன்று எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

காலர்

கால் ஆப்சனை விற்பதோடு, ஒரு புட் ஆப்சனையும் வாங்குவது காலர் எனப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஸ்ட்ரைக் விலை 95 டாலர் உள்ள புட் ஆப்சனை 1.50 டாலருக்கு வாங்கினால், ஒப்பந்தக் காலத்தில் இழப்பு 450 டாலருக்குள் நிற்கும். ஆனால் பெற்ற பிரீமியத்தில் முக்கால் பங்கு செலவாகி, உச்ச இலாபம் 550 டாலராகக் குறையும். தரகுக் கட்டணமும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் எஞ்சியதையும் குறைக்கும். வணிகம் குறைவாக நடைபெறும் ஆப்சன்களில் இவ்விடைவெளி பெரிதாக இருக்கும்.

திரும்ப வாங்குதல்

விலை ஏறும்போது, விற்ற கால் ஆப்சனைத் திரும்ப வாங்கி, உயர்ந்த ஸ்ட்ரைக் விலையில் வேறொன்றை விற்பதும் உண்டு. இதில் திரும்ப வாங்கும் இழப்பு உடனே பணமாகச் செலுத்தப்படுகிறது; பங்கின் இலாபமோ ஏட்டளவிலேயே இருக்கிறது. பின்னர் பங்கு வீழ்ந்தால் அவ்விலாபம் மறைந்துவிடும்.

முன்கூட்டியே உரிமை கோரப்படுதல்

அமெரிக்கப் பங்கு ஆப்சன்களில் முடிவு நாளுக்கு முன்பே உரிமையைப் பயன்படுத்தலாம். பங்காதாய உரிமை நீங்கும் நாளுக்கு முந்தைய நாளில், ஆப்சனில் எஞ்சியுள்ள கால மதிப்பு பங்காதாயத்தைவிடக் குறைவாக இருந்தால் இவ்வாறு நிகழ வாய்ப்பு மிகுதி. அப்போது விற்றவர் பங்கையும் பங்காதாயத்தையும் ஒருங்கே இழப்பார். முடிவு நாளில் பங்கின் விலை ஸ்ட்ரைக் விலையை ஒட்டி நின்றால், பங்கு கையில் தங்குமா என்பது சந்தை மூடிய பின்னரே அவருக்குத் தெரியவரும்.