வந்தோர் தங்கிய வீடுகள்: புவெனஸ் ஐரிஸ்

புதியதோர் ஊருக்குச் செல்பவர் முதலில் கேட்பது, "எங்கே தங்குவது?" என்பதே, "எதைக் காண்பது?" என்பது அதன் பின்னர்தான் எழும். பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் பிறந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தென் அமெரிக்காவில் ஆர்ஜென்டினா நாட்டின் தலைநகராகிய புவெனஸ் ஐரிஸில் இவ்விரு கேள்விகளும் ஒன்றாகிவிடுகின்றன. அங்குக் காணத்தக்க இடங்களுள் பல, முன்னாளில் வந்தோர் தங்கிய இடங்களே. அவற்றை முறையாகக் கண்டு வந்தால் அந்நகரின் வரலாறு நமக்கு விளங்கும்.

வெள்ளியாறு என்று பொருள்படும் ரியோ டி லா பிளாட்டாவின் கரையில் 1536-ஆம் ஆண்டில் ஸ்பானியர் முதன்முதலாகக் குடியேறினர். பசியும் பழங்குடியினரின் எதிர்ப்பும் அக்குடியிருப்பை அழித்தன. 1580-இல் ஹுவான் டி கராய் என்பவர் நகரை மீண்டும் நிறுவினார். அவர் வகுத்த சதுக்கம் இருந்த இடத்தில்தான் இன்றைய மே சதுக்கம் இருக்கிறது. 1810-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த புரட்சியால் வந்த பெயர் அது.

அச்சதுக்கத்திற்குத் தெற்கே உள்ளது சான் டெல்மோ. முன்னர் இது செல்வர் வாழ்ந்த பகுதி. 1871-இல் மஞ்சள் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் பரவிப் பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வசதி படைத்தோர் வடபகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, கடல் கடந்து வந்த ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. சிறு மடங்கள் என்று பொருள்படும் 'கொன்வென்டில்யோ' என்னும் சொல்லால் அவற்றை அழைத்தனர். ஓர் அறையில் ஒரு குடும்பம்; எல்லார்க்கும் பொதுவாக ஒரு முற்றம். எசெய்சா குடும்பத்தாரின் மாளிகையிலும் இவ்வாறு பல குடும்பங்கள் ஒண்டிக் குடியிருந்தன. இன்று அது கடைகள் நிறைந்த கட்டடமாக நிற்கிறது. நாம் அதன் முற்றங்களில் உலவி வரலாம்.

இம்மக்கள் தாமாக மட்டும் வந்தவர் அல்லர், அரசே வரவேற்றது. 1853-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஐரோப்பியரின் குடியேற்றத்தை ஊக்குவிக்க வேண்டும் என விதித்தது. அவர்களுக்காகத் திறந்துவிடப்பட்ட சமவெளிகளில் பெரும்பரப்பு, பழங்குடியினரைப் படை கொண்டு விரட்டிக் கைப்பற்றிய நிலம் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1876-இல் இயற்றப்பட்ட சட்டம், வந்திறங்குவோர்க்கு ஐந்து நாள் உணவும் உறைவிடமும் இலவசமாக அளிக்கக் கட்டளையிட்டது.

அதன் பயனாகத் துறைமுகத்தின் அருகே 1911-இல் திறக்கப்பட்டதுதான் 'குடியேறுவோர் ஹோட்டல்'. பெயர்தான் ஹோட்டல்; நம் வழக்கில் சொன்னால் அது ஒரு மாபெரும் சத்திரம். கீழ்த்தளத்தில் ஒரே பந்தியில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணும் கூடம். மேல்தளங்களில் நீண்ட படுக்கைக் கூடங்கள். ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி இடம். வேலை தேடித் தரும் அலுவலகமும் அவ்வளாகத்திலேயே இருந்தது. உள்நாட்டில் வேலை கிடைத்தோரை இரயிலேற்றி அனுப்பினர். 1953 வரை இவ்விடுதி இயங்கியது. 1990-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்குக் குடியேற்ற அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

ஐந்து நாள் சோறு கிடைத்தது, ஆறாம் நாள்? அந்த வினாவிற்கு விடை மீண்டும் சான் டெல்மோவின் வாடகை அறைதான். 1914-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாட்டில் பிறந்தவர். அறைகள் போதவில்லை, வாடகையோ ஏறிக்கொண்டே சென்றது. 1907-ஆம் ஆண்டிலேயே குடியிருப்போர் வாடகை தர மறுத்துப் போராடினர். வாடகையில் நூற்றுக்கு முப்பது குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பெண்களும் சிறுவர்களும் துடைப்பங்களை ஏந்தித் தெருக்களில் ஊர்வலம் வந்தனர். காவலரின் துப்பாக்கிக்கு ஓர் இளைஞன் பலியானான். சில வீட்டுக்காரர் இணங்கினர். பல குடும்பங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. போராட்டத்தில் முன்னின்ற அயல்நாட்டார் சிலரை, 1902-ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டி அரசு நாடு கடத்தியது. வருக என அழைத்த கையே வெளியே போ எனவும் சுட்டியது.

இன்னும் தெற்கே சென்றால் லா போகா என்னும் பழைய துறைமுகப் பகுதியை அடைகிறோம். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்தோர் இங்கு மரத்தாலும் தகரத்தாலும் வீடு கட்டினர். கப்பல்களுக்குப் பூசி எஞ்சிய வண்ணத்தை அவற்றிற்குப் பூசினர். அப்பகுதியிலேயே வளர்ந்த ஓவியர் பெனிட்டோ கின்கெலா மார்ட்டின் முன்னின்று உழைத்ததால், 'கமினிட்டோ' என்னும் சிறு தெரு 1959-இல் திறந்தவெளிக் காட்சியகமாயிற்று.

செல்வர் தங்கிய இடங்களைக் காண வடக்கே செல்லவேண்டும். 1909-இல் திறக்கப்பட்ட பிளாசா ஹோட்டல் சான் மார்ட்டின் சதுக்கத்தருகே எழுந்தது. 1924 நவம்பரில் பெரு நாட்டிற்குச் செல்லும் வழியில் நோயுற்ற நம் கவி தாகூர் முதலில் தங்கியது இங்கேதான். பின்னர், எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அவரை நகர்ப்புறத்துச் சான் இசித்ரோவில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் மிராலரியோ இல்லத்தில் குடியமர்த்திப் பேணினார். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கவி இந்நாட்டில் இருந்தார். 1925-இல் வெளிவந்த 'பூரவி' என்னும் நூலை, விஜயா என்று தாம் அழைத்த அவ்வம்மையாருக்கே காணிக்கையாக்கினார். அவ்வில்லத்தின் அண்மையிலுள்ள தம் குடும்ப மாளிகையை ஒகாம்போ 1973-இல் யுனெஸ்கோவிற்கு அளித்தார்.

புவெனஸ் ஐரிஸில் கோலோன் நாடக அரங்கும் உண்டு; 1913-இல் ஓடத் தொடங்கிய சுரங்க இரயிலும் உண்டு; 1936-இல் எழுப்பிய, 67 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நினைவுத் தூணும் உண்டு. அவற்றையும் காணத்தான் வேண்டும். ஆயினும் அந்நகருக்குச் செல்ல வாய்ப்பு நேருமாயின், துறைமுகத்துச் சத்திரத்தையும் சான் டெல்மோவின் முற்றங்களையும் காணாமல் திரும்பலாகாது. ஓர் ஊரின் பெருமையை அது வந்தவர்க்கு இட்ட முதல் விருந்தால் மட்டும் அளத்தல் போதாது. விருந்து முடிந்த மறுநாள் அவர்களுக்கு நியாயமான வாடகையில் ஓர் அறை கிடைத்ததா என்பதே உண்மையான அளவுகோல். வேற்றூரில் வீடு தேடி அலைந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.